ஆறு பொருள், ஆறு கை: பேய் அடக்கும் வரிசைக்கு அக்காவின் டிப்ஸ்

லீவுக்கு வாழவந்திக்கு வந்திருக்கும் என் தம்பி, தங்கச்சிகளுக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பகடை உருட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே மூடுபனி, காப்பித் தோட்டத்தில் பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை, கரண்டும் இல்லை. பேய்க்கதை விளையாட இதைவிட நல்ல இடம் எது? ஆனால் ஒன்று கவனித்தேன். பெரியவன் கையில் மட்டும் மந்திர வாள். எலும்புக்கூடு வந்தால் அவன் வெட்டுகிறான், ஜாம்பி வந்தாலும் அவனே வெட்டுகிறான். மற்றவர்கள் முறை வரும்வரை காத்திருந்து, முறை வந்ததும் "நான் பின்னால நிக்கறேன்" என்றார்கள். சின்னவள் கேரக்டர் ஷீட்டை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள்.

முதல்முறை உங்களுக்கு இந்த ஆட்டத்தை நடத்தியபோது நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரே பெரிய ஆயுதத்தைக் கொடுத்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவன் சந்தோஷப்பட்டான், ஐந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அடுத்த ஆட்டத்தை யார் நடத்தினாலும் படித்துவிட்டு உட்காருங்கள்.

கணக்குகள் எல்லாம் நம் வீட்டில் இருக்கும் புத்தகப்படி, அதாவது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-ல் கொண்டுவந்த ஆட்டம் இது. ஐம்பது வருஷமாக எலும்புக்கூடுகள் அதில் எழுந்து நடக்கின்றன. அவற்றை அடக்கும் வழியில் நம் சேர்வராயன் மலையின் வாசனை கொஞ்சம் சேரட்டும்.

1. முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

"அன்டெட்" என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும், செத்தும் அடங்காதவை எல்லாம் ஒரே மாதிரி அடங்குவதில்லை.

எலும்புக்கூட்டுக்கு 13 ஹிட் பாயின்ட், அதாவது உயிர் அளவு. வாள் அதை வெட்டும், ஆனால் தடி, சுத்தியல் மாதிரி நசுக்கும் அடிதான் அதற்கு இரண்டு மடங்காக விழும்.

ஜாம்பிக்கு 22 ஹிட் பாயின்ட். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் விழுந்தாலும் எழும். அதைச் சாய்க்கும் அடி 8 புள்ளி என்று வையுங்கள். விதிப்படி 5-ஐயும் அந்த 8-ஐயும் கூட்டினால் 13. இருபது முகப் பகடையை உருட்டி, அதன் உடல்வலிமைக்கு 3 சேர்த்து, 13-ஓ அதற்கு மேலோ வந்துவிட்டால் ஒரே ஒரு பாயின்ட்டோடு மறுபடி நிற்கும். அதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 55. ரேடியன்ட் என்கிற ஒளி அடியோ, பகடையில் 20 விழுந்த கிரிட்டிக்கல் அடியோ சாய்த்தால் மட்டும் அப்படி எழ முடியாது.

கூல் என்கிற பிணந்தின்னி நகத்தால் கீறினால் உடம்பு மரத்துப்போகும். நிழல், அதாவது ஷேடோ, தொட்டால் வலிமை குறையும். வலிமை பூஜ்யமானால் சாவுதான், செத்தவரும் பிறகு நிழலாகவே எழக்கூடும். வாம்பயருக்கு ஒவ்வொரு முறையும் 20 பாயின்ட் ஆறிப்போகும். வெயிலிலோ ஓடும் தண்ணீரிலோ இருந்தால் ஆறாது, ஒளி அடியோ புனித நீரோ பட்டால் அடுத்த முறைக்கு ஆறாது.

ஐந்து எதிரி, ஐந்து குணம். நசுக்கும் அடி, ஒளி, நீர், உடலுக்குக் காவல் என்று நான்கு விதமான வழி வேண்டியிருக்கிறது. ஒரு வாள் இத்தனைக்கும் பதில் சொல்லாது. வரிசையாகப் பொருள்கள் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2. மூன்றுக்கு மேல் ஒருவர் கையில் நிற்காது

சக்தி வாய்ந்த மந்திரப் பொருளோடு ஒருவர் மனம் ஒட்ட வேண்டும், அட்யூன்மென்ட் என்பார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருளோடுதான் அப்படி ஒட்டிக்கொள்ள முடியும். பலருக்கு இந்த விதி எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இது வரம்.

ஏனென்றால் வரிசையில் ஆறு பொருள் வைத்து, ஆறுக்கும் அட்யூன்மென்ட் வேண்டும் என்று விதித்துவிட்டால், எந்தப் பேராசைக்காரனும் முழு வரிசையையும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பகிர்ந்தே தீர வேண்டும்.

சேர்த்து வைத்தால் கூடுதல் பலன் தரும் பொருள் வரிசைகள் புதிதல்ல. 2000-ல் வந்த டியாப்லோ 2 கம்ப்யூட்டர் கேமில் பச்சை எழுத்தில் பெயர் வரும் செட் பொருள்கள் உண்டு. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் 2007-ல் வந்த மேஜிக் ஐட்டம் காம்பென்டியம் புத்தகம் இப்படி வரிசைகளைத் தந்தது. நீங்கள் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றுதான்: ஒரே ஆள் எத்தனை பொருள் போட்டிருக்கிறான் என்று எண்ணாதீர்கள். முப்பது அடிக்குள் நிற்கும் கூட்டாளிகளிடம் மொத்தம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். சேர்ந்து நின்றால் பலம், பிரிந்து ஓடினால் பலம் போச்சு. பயந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் விடாமல் இருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது.

3. பொருளை நம் வீட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுங்கள்

புத்தகத்தில் அருமையான பொருள்கள் இருக்கின்றன. மேஸ் ஆஃப் டிஸ்ரப்ஷன் என்ற கதாயுதம் அன்டெட்டை அடித்தால் கூடுதலாக இரண்டு ஆறுமுகப் பகடை அளவு ஒளி அடி கொடுக்கும். அடித்த பிறகு 25 பாயின்ட்டோ அதற்குக் கீழோ மிஞ்சியிருந்தால், எதிரி சேவிங் த்ரோவில், அதாவது தப்பிக்க உருட்டும் பகடையில், தோற்றதுமே அழிந்துபோகும். சன் பிளேடுக்கு வெறும் கைப்பிடிதான், அலகு முழுக்க ஒளி. படித்து ரசியுங்கள். ஆனால் சின்னவளுக்குக் கதாயுதம் என்றால் என்னவென்று கண்ணில் வராது, அரிக்கேன் விளக்கு என்றால் வரும். கண்ணில் வருகிற பொருளைத்தான் குழந்தை யோசித்துப் பயன்படுத்தும்.

நான் செய்துவைத்திருக்கும் வரிசை இது. "சேர்வராயன் மலை வரிசை" என்று பெயர் வைத்தேன். கல்யாணத்துக்குச் சீர்வரிசை கொடுப்பதுபோல இது அக்கா கொடுக்கும் வரிசை.

கற்கோடரி. நம் மலையில் தேய்த்து மெருகேற்றிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1863 மே 30-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்ததைக் காட்டியவர் அவர். பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார், 1912-ல் காலமானார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. மலை மக்கள் அந்தக் கற்கோடரிகளை எடுத்துச் சின்னச் சின்னக் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆட்டத்தில் இதன் முதுகுப்புறத்தால் அடிக்க வேண்டும்: ஆறுமுகப் பகடையோடு வலிமைக்கு 3. சராசரி ஆறரை, எலும்புக்கூட்டுக்கு இரட்டித்தால் 13. அதன் உயிர் அளவும் 13-தான். கணக்கு பொருந்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அரிக்கேன் விளக்கு. புத்தகத்தில் வரும் மூடியுள்ள லாந்தர் மாதிரியே 30 அடிக்கு நல்ல வெளிச்சம், அடுத்த 30 அடிக்கு மங்கல் வெளிச்சம், ஒரு குப்பி எண்ணெய்க்கு ஆறு மணி நேரம். கூடுதலாக ஒரு நாளைக்கு மூன்று முறை திரியைத் தூண்டலாம். தூண்டினால் அந்த ஒரு சுற்றுக்கு விளக்கு வெயிலாக எரியும். ஒளி அடி நிழலுக்கு இரட்டிப்பாக விழும், வெயிலில் அது தடுமாறும். மூன்று முறைதான் என்பதால் எப்போது தூண்டுவது என்று விளக்கு பிடிப்பவர் யோசிப்பார். அந்த யோசனைதான் ஆட்டம்.

சுரைக்குடுக்கை. உள்ளே ஊற்றுத் தண்ணீர். புத்தகத்தின் புனித நீர்போலவே 20 அடி தூரம் வரை வீசலாம், இரண்டு ஆறுமுகப் பகடை ஒளி அடி, சராசரி 7. ஒரு குப்பி புனித நீருக்கு 25 பொற்காசு என்கிறது புத்தகம். நம் குடுக்கைக்குக் காசு வேண்டாம். விடியற்காலையில் யாராவது ஊற்று வரை நடந்து போய் நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வீச்சு.

கம்பளி. மலையில் கம்பளி இல்லாமல் ராத்திரி கிடையாது. போர்த்தியவருக்கு, மரத்துப்போக வைக்கும் தாக்குதலிலும் பயமுறுத்தும் தாக்குதலிலும் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கும் உரிமை. முக்கியமான விஷயம், பக்கத்தில் இருக்கும் ஒருவரையும் சேர்த்துப் போர்த்தலாம். கூலின் நகத்துக்கு இதுதான் பதில்.

கவாத்துக் கத்தி. காப்பிச் செடிக்குக் கவாத்து அடிக்கும் இரும்புக் கத்தி. ராத்திரியில் கறிக்குழம்பு கொண்டுபோனால் மேலே ஒரு கரித்துண்டோ இரும்போ போட்டு அனுப்புவாள் அம்மாயி, ஞாபகம் இருக்கிறதா? இரும்பைக் கண்டால் பேய் ஒதுங்கும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் இதில் வைத்தேன். கத்தியால் தரையில் கோடு கிழித்தால் ஒரு நிமிஷத்துக்கு அன்டெட் அந்தக் கோட்டைத் தாண்ட, முதலில் சேவிங் த்ரோவில் ஜெயிக்க வேண்டும். இருபதடி நீளக் கோடு, ஒரு நாளைக்கு ஒரு தடவை.

நெற்றிக்காசு. இதுதான் வரிசையில் சின்னப் பொருள், எனக்கு மிகப் பிரியமானதும் இதுதான். நம் வீடுகளில் இறந்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் வைப்போம். ஐந்தாம் பதிப்பில் ஜென்டில் ரிபோஸ் என்று ஒரு மந்திரம் இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்பும், பிணத்தின் இரண்டு கண்கள் மேலும் ஒவ்வொரு செப்புக்காசும் அதற்கு வேண்டும். வைத்தால் பத்து நாளைக்கு அந்த உடல் கெடாது, அன்டெட்டாக எழவும் செய்யாது. எங்கோ அமெரிக்காவில் எழுதிய ஆட்டத்துக்குள் நம் வீட்டு வழக்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் காசு நெற்றியில் ஒன்றே போதும். விழுந்த எதிரி மேல் வைத்தால் அது மறுபடி எழாது. விழுந்த கூட்டாளி மேல் வைத்தால் அவரை எந்தச் சூனியக்காரனும் எழுப்ப முடியாது.

4. சேர்க்கைப் பலனைப் படிப்படியாகத் திறங்கள்

ஆறும் முதல் நாளே கிடைத்தால் மதிப்பு இருக்காது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பொருள், அதிகம் போனால் இரண்டு.

இரண்டு பொருள் சேர்ந்தால்: முப்பது அடிக்குள் அன்டெட் இருந்தால் பனி வாசம் மாதிரி ஒரு குளிர் மூக்கில் ஏறும். எங்கே இருக்கிறது என்று தெரியாது, இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

நான்கு சேர்ந்தால்: வலிமை குறைக்கும் தாக்குதல் யார் மேல் விழுந்தாலும், வரிசையில் இருக்கும் இன்னொருவர் அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறும் சேர்ந்தால்: நடுகல் சடங்கு. அதற்குத் தனியாக ஒரு டிப்ஸ் வேண்டும்.

5. கடைசி எதிரியை அடித்து முடிக்காதீர்கள், அனுப்பி வையுங்கள்

புத்தகத்தில் லிச் என்றொரு மந்திரவாதி வரும். உயிரை ஒரு பெட்டிக்குள் ஒளித்துவைத்திருக்கும். உடம்பை அழித்தாலும் சில நாளில் புது உடம்போடு வரும். அடியால் முடியாத எதிரி இருக்கிறது என்பதை ஆட்டமே ஒத்துக்கொள்கிறது.

நம் பக்கத்தில் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை எப்படி இருந்தது என்று பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தருமபுரி மாவட்டத்திலும், திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கத்திலும் நடுகற்கள் ஏராளம். கல் நடுவதற்கு ஆறு நிலை என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பொருத்தமான கல்லைக் கண்டு, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்த வேண்டும்.

நம் வரிசையிலும் ஆறு பொருள். ஆகவே கடைசிச் சண்டையில் ஆறு சுற்று. விளக்குக்காரர் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். கத்திக்காரர் கோடு கிழித்துக் காவல் வைக்க, கல்லைக் கொண்டுவருகிறார்கள். குடுக்கைக்காரர் நீராட்டுகிறார். கற்கோடரிக்காரர் முதுகுப்புறத்தால் அடித்துக் கல்லை ஊன்றுகிறார். கம்பளிக்காரர் அதை விரித்துப் படையல் இடுகிறார். காசு வைத்திருப்பவர் அதைக் கல்லின் நெற்றியில் வைத்து, எதிரியின் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சடங்கு செய்ய, மற்ற ஐந்து பேரும் அவரைக் காக்க வேண்டும்.

அந்தப் பெயர் என்ன என்பதை முன்பே கதையில் ஒளித்துவையுங்கள். யார் அவர், எப்படி இறந்தார், யார் அவருக்குக் காரியம் செய்யாமல் விட்டது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டால்தான் வாழ்த்தில் பெயர் சொல்ல முடியும். முருங்கை மரத்து வேதாளத்தை விக்ரமாதித்தன் ஓங்கி அடித்து ஜெயிக்கவில்லை. சுமந்து நடந்து, கதை கேட்டு, பதில் சொல்லி ஜெயித்தான். வெட்டுவதில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு விசாரிக்கும் வேலை ரொம்பப் பிடிக்கும். எனக்குத் தெரியும், சின்னவள்தான் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பாள்.

6. யாருடைய சாமியையும் எதிரியாக்காதீர்கள்

இதில் அக்கா கண்டிப்பாகவே இருப்பேன். காட்டேரி, முனி என்று பேர் கேட்டதும் பேய்ப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பல வீடுகளில் காட்டேரி குலதெய்வம், முனி ஊர்க்காவல். சேர்வராயன் கோயிலையும், நம் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சடங்குகளையும் கதைக்குள் எதிரியின் கோட்டையாகவோ, கொள்ளையடிக்கும் இடமாகவோ வைக்க வேண்டாம். அவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், நம்மோடு பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள். ஒரு மலை வேண்டுமென்றால் நீங்களே ஒரு மலையைக் கற்பனை செய்து பெயர் வையுங்கள்.

இன்னொன்று. கற்கோடரி ஆட்டத்தில் மட்டும். தோட்டத்திலோ கோயிலிலோ நிஜமாகவே ஒன்றைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். கோயிலில் இருப்பது கும்பிடுபவர்களுடையது. மண்ணில் கிடப்பதை அது கிடக்கும் இடத்தோடு பார்த்தால்தான் தொல்லியல் துறைக்காரர்களுக்குப் பயன். போட்டோ எடுத்துப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

7. சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்

ஒவ்வொரு பொருளையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். படம் வரையத் தெரிந்தவர் வரையட்டும். மூன்று முறை பயன்படும் பொருளுக்கு அட்டை மேல் மூன்று காப்பிக்கொட்டை வையுங்கள். பயன்படுத்தும்போது ஒன்றை எடுத்துவிட்டால் கணக்குச் சண்டை வராது.

பொருளைக் கொடுக்கும்போது யாருக்கு எது என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நடுவில் வைத்துவிட்டு அவர்களே பேசிப் பிரித்துக்கொள்ளட்டும். வயதில் சின்னவர் முதலில் எடுக்கட்டும்.

ஐந்து பேர்தான் இருந்தால் ஒருவர் இரண்டு பொருள் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டால் அவர் பொருளை அடுத்தவர் கையில் முறையாகக் கொடுத்துவிட்டுப் போகும் காட்சி ஒன்றை விளையாடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் எது வேண்டாம் என்று கேளுங்கள். போன வருஷம் நம் வீட்டில் ஒரு சாவு நடந்தது. தாத்தா வயசில் ஒரு பிணம் எழுந்து வருகிற காட்சியை எல்லோராலும் தாங்க முடியாது. யாராவது கையைத் தூக்கினால் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். பயம் தெளிய நேரம் வேண்டும். கொல்லைப்பக்கம் போக வேண்டியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், விளக்கோடு இரண்டு பேராகப் போங்கள்.

கண்ணுகளா, தாத்தா போன அன்றைக்குப் பாருங்கள், நெற்றியில் காசு வைத்தது ஒரு கை, நீர் எடுத்து வந்தது இன்னொரு கை, பந்தம் பிடித்தது வேறொருவர், தூக்கியது நாலு தோள், வீட்டில் சோறாக்கியது பக்கத்து வீடு. ஒருவரை நிம்மதியாக அனுப்பிவைக்க ஒரு ஊரே வேண்டியிருந்தது. தனியாக ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை அது இல்லை. அதனால்தான் இந்த வரிசையையும் ஒருவர் கையில் அடங்காதபடி செய்தேன்.

ஆறு அட்டையும் அடுக்களை அலமாரியில், மிளகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. இன்றைக்கு ராத்திரி முதல் அட்டையைச் சின்னவள் எடுக்கட்டும்.

உங்கள் அக்கா